பாலக்காட்டு பி.எட். சேலத்தில் செல்லுமா?

டீச்சரம்மா பதில்கள்

இந்த மாதம் வந்த கடிதக் கட்டில் நான்கு கடிதங்கள் ஒரே விஷயத்தைக் கேட்கின்றன. ஆசிரியர் வேலைக்கென்று படித்துத் தேறியவர்கள் கல்யாணத்தாலோ வீட்டுக்காரர் மாற்றலாலோ மாநிலம் விட்டு மாநிலம் வருகிறார்கள். வந்த இடத்தில் "உங்க சர்டிபிகேட் இங்கே செல்லாதே" என்று யாரோ சொல்லிவிடுகிறார்கள். மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இந்த நான்கை மட்டும் எடுத்துக்கொண்டேன். நானும் 1987ல் கோலார் தங்கவயலிலிருந்து கல்யாணமாகி, ஒரு மஞ்சள் பை நிறைய கர்நாடகத்துக் காகிதங்களோடு சேலத்துக்கு வந்து இறங்கியவள்தான்.

கேள்வி: வணக்கம் டீச்சர். எனக்கு 34 வயது, சொந்த ஊர் பாலக்காடு. பி.எஸ்சி. கணிதம், கோழிக்கோடு பல்கலைக்கழகத்தில் பி.எட். கே-டெட் என்கிற கேரள ஆசிரியர் தகுதித் தேர்வில் மூன்றாம் பிரிவு தேறியிருக்கிறேன். அங்கே ஒரு பள்ளியில் ஆறு வருடம் கணக்கு எடுத்தேன். கணவர் ரயில்வேயில் இருக்கிறார். சேலம் கோட்டத்துக்கு மாற்றலாகி ஒன்பது மாதமாக சூரமங்கலத்தில் இருக்கிறோம். ஒரு பயிற்சி மையத்தில், 25 ஆயிரம் கட்டினால் கே-டெட்டைத் தமிழ்நாடு டெட்டாக 'கன்வெர்ட்' செய்து தருவதாகச் சொல்கிறார்கள். கட்டலாமா? வீட்டில் தமிழ் பேசுவோம், வாசிக்கவும் வரும், எழுதினால் பிழை வரும். பள்ளியில் மலையாளம்தான் முதல் மொழி.
— ஒரு வாசகி, சூரமங்கலம்

முதலில் அந்த 25 ஆயிரம். ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள் அம்மா. ஒரு மாநிலத்தின் தகுதித் தேர்வை இன்னொரு மாநிலத்தின் தேர்வாக மாற்றித் தருகிற அலுவலகம் இந்தியாவில் எங்கும் கிடையாது. கே-டெட் நடத்துவது கேரளத்துப் பரீட்சா பவன். தமிழ்நாடு டெட் நடத்துவது சென்னையில் இருக்கும் ஆசிரியர் தேர்வு வாரியம், நாம் டி.ஆர்.பி. என்கிறோமே, அது. அந்த வாரியத்தின் சான்றிதழ் தேர்வு எழுதித் தேறியவருக்குத்தான் வரும். நடுவில் ஒருவர் காசு வாங்கி ஒரு தாளைக் கையில் கொடுத்தால் அது போலி. அரசு வேலையில் சேர்ந்த பிறகு ஒவ்வொரு சான்றுக்கும் உண்மைத்தன்மை கேட்டு, அதைக் கொடுத்த இடத்துக்கே கடிதம் போகும். அன்றைக்கு அந்தப் பயிற்சி மையக்காரர் வந்து நிற்க மாட்டார், நீங்கள்தான் நிற்பீர்கள். உங்களைப் போல ஊருக்குப் புதிதாக வந்தவர்களைக் குறிவைத்து இப்படிக் கேட்கிறார்களே என்று எனக்குக் கோபமாகவே வருகிறது.

இனி உங்கள் காகிதங்களைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்ப்போம். "என் சர்டிபிகேட்" என்று மொத்தக் கட்டையும் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். அதற்குள் இருக்கிற ஒவ்வொரு தாளுக்கும் சட்டம் வேறு. குழப்பமெல்லாம் இங்கேதான் தொடங்குகிறது.

உங்கள் பி.எட். பட்டத்துக்கு எந்தக் குறையும் இல்லை. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளுக்கு நாடு முழுவதற்கும் அங்கீகாரம் கொடுப்பது என்.சி.டி.இ. என்கிற தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம். 1993ல் அதற்குச் சட்டம் வந்தது, 1995லிருந்து நடக்கிறது. அதன் அங்கீகாரம் இருந்த கல்லூரியில் படித்த பி.எட். பாலக்காட்டிலும் பி.எட்.தான், சேலத்திலும் பி.எட்.தான். நீங்கள் படித்த கல்லூரியின் அங்கீகார ஆணை நகல் ஒன்றை மட்டும் கல்லூரி அலுவலகத்தில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அரசுப் பள்ளிக்கு விண்ணப்பிக்கிற எண்ணம் இருந்தால், சென்னையில் இருக்கும் தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தில், உங்கள் பி.எட். இங்குள்ள பி.எட்.டுக்குச் சமம் என்கிற இணைத்தன்மைச் சான்றும் இப்போதே வாங்கிவிடுங்கள். சான்றிதழ் சரிபார்ப்புக்குக் கூப்பிட்ட பிறகு அதற்கு அலைந்தால் நாள் போதாது. உங்கள் பி.எஸ்சி. 'கணிதம்' என்றே இருப்பது நல்லதாகப் போயிற்று. பாடத்தின் பெயர் கொஞ்சம் மாறியிருந்தால், இது அதற்குச் சமம் என்று சொல்லும் அரசாணையை வேறு தேடிக்கொண்டிருக்க வேண்டும். 'ஈக்குவலன்ஸ் ஜி.ஓ.' என்று ஆசிரியர் வட்டாரத்தில் சொல்வது அதைத்தான்.

தகுதித் தேர்வு அப்படியில்லை. 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 23ஆவது பிரிவின்படி என்.சி.டி.இ. 2010 ஆகஸ்ட் 23ல் ஓர் அறிவிக்கை வெளியிட்டது. ஒன்றிலிருந்து எட்டாம் வகுப்பு வரை எடுக்கும் ஆசிரியருக்கு டெட் கட்டாயம் என்றது. அடுத்த பிப்ரவரியில் வந்த வழிகாட்டு நெறியில் ஒரு வரி இருக்கிறது. அரசுப் பள்ளியும் உதவிபெறும் பள்ளியும் பிற மாநில டெட்டையும் கருத்தில் கொள்ளலாம் என்பது அந்த வரி. கவனியுங்கள், 'கொள்ளலாம்'. 'கொள்ள வேண்டும்' என்று எழுதவில்லை. அந்த 'லாம்' எத்தனை பெண்களை வீட்டில் உட்கார வைத்திருக்கிறது தெரியுமா? தமிழ்நாட்டில் டி.ஆர்.பி. பட்டதாரி ஆசிரியர் பணிக்கு அழைக்கும்போது தமிழ்நாடு டெட் இரண்டாம் தாள் தேறியிருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறது.

உங்கள் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. கே-டெட்டில் நான்கு பிரிவு. நீங்கள் தேறிய மூன்றாம் பிரிவு உயர்நிலை வகுப்புகளுக்கானது. இங்கே தாள் இரண்டுதான்: முதல் தாள் ஒன்று முதல் ஐந்து வரை, இரண்டாம் தாள் ஆறு முதல் எட்டு வரை. ஆகவே இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் பொருந்தாது. அதற்காகக் கே-டெட் வீண் என்று நினைக்காதீர்கள். ஏழு வருடம் என்றிருந்த டெட் சான்றின் காலத்தை 2021ல் ஆயுள் முழுக்க என்று மாற்றிவிட்டார்கள். நாளைக்கே வீட்டுக்காரருக்குப் பாலக்காட்டுக்கு மாற்றல் வந்தால் அது அங்கே உயிரோடு இருக்கும். பத்திரமாக வையுங்கள்.

மாற்றலிலேயே வாழ்கிற குடும்பம் என்பதால் நான் முதலில் எழுதச் சொல்வது சி-டெட். சி.பி.எஸ்.இ. நடத்தும் மத்தியத் தகுதித் தேர்வு. இரண்டாம் தாளில் கணிதம் மற்றும் அறிவியல் பிரிவை எடுங்கள். 150 கேள்வி, 150 மதிப்பெண், இரண்டரை மணி நேரம். தவறான விடைக்குக் கழிப்பது கிடையாது. மொழிப் பகுதிக்கு மலையாளமும் ஆங்கிலமும் எடுக்கலாம், ஆகவே தமிழ் பற்றிய பயம் இந்தத் தேர்வில் வேண்டாம். 90 வாங்கினால் போதும். கேந்திரிய வித்யாலயாவுக்கு இது செல்லும், அது எந்த மாநிலத்தில் இருந்தாலும் சரி. அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகள் மத்திய டெட், மாநில டெட் இரண்டில் எதையும் ஏற்கலாம் என்று அதே வழிகாட்டு நெறி சொல்கிறது. கேந்திரிய வித்யாலயாக்களில் பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில் ஒப்பந்த ஆசிரியர்களுக்கு நேர்காணல் வைப்பார்கள். அந்த மாதங்களில் பள்ளியின் இணையதளத்தை வாரம் ஒருமுறை பாருங்கள்.

பிறகு தமிழ்நாடு டெட். இங்கே நீங்கள் பொதுப் பிரிவிலேயே வருவீர்கள். கேரளத்தில் வாங்கிய சாதிச் சான்று தமிழ்நாட்டு இட ஒதுக்கீட்டுக்கு உதவாது. ஒரு மாநிலத்துப் பட்டியல் சாதி, பழங்குடிச் சான்றை வைத்து இன்னொரு மாநிலத்தில் ஒதுக்கீடு கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1990லேயே சொல்லிவிட்டது. கணவரின் சாதி மனைவிக்கு வந்துவிடும் என்று சிலர் சொல்வார்கள், நம்பாதீர்கள், பிறப்பை வைத்துத்தான் சான்று. பொதுப் பிரிவு என்றால் 60 சதவீதம், அதாவது இங்கேயும் 90.

மொழி பற்றிப் பயந்திருக்கிறீர்கள். தமிழ்நாடு டெட்டில் முதல் மொழியாகத் தமிழோடு மலையாளம், தெலுங்கு, கன்னடம், உருது எல்லாம் உண்டு. ஆனாலும் நீங்கள் தமிழையே எடுங்கள். தமிழ் வழி வகுப்பில்தானே நிற்கப் போகிறீர்கள். டெட் தேறியவுடன் வேலை என்பதும் கிடையாது. அதன் பிறகு டி.ஆர்.பி.யின் நியமனப் போட்டித் தேர்வு தனியாக இருக்கிறது. அதில் கட்டாயத் தமிழ்த் தகுதித் தாள் உண்டு, 30 கேள்வி, 50 மதிப்பெண், 20 எடுக்க வேண்டும். அது வராவிட்டால் கணக்குத் தாளில் நூற்றுக்கு நூறு எழுதியிருந்தாலும் திருத்த மாட்டார்கள். ஆனால் கட்டுரை எழுதச் சொல்வதில்லை, சரியான விடையைக் குறித்தால் போதும். எழுத்துப் பிழைக்கு அஞ்ச வேண்டியதில்லை. தரம் பத்தாம் வகுப்பு. ஆறு முதல் பத்து வரை தமிழ்ப் பாடநூல்களை எடுத்து, தினம் ஒரு பாடம் சத்தமாக வாசியுங்கள், இலக்கணப் பகுதியை மட்டும் நோட்டில் எழுதிப் பாருங்கள். ஆறு மாதத்தில் வந்துவிடும். ர, ற உங்களுக்கு ஏற்கெனவே நாக்கில் இருக்கும். மலையாளம் படித்தவர்கள் ழ-வையும் எங்களைவிடச் சுத்தமாகச் சொல்கிறார்கள். பள்ளியில் தமிழ் படிக்காதவர் என்பதால், அரசுப் பணியில் சேர்ந்த பிறகு இரண்டு வருடத்துக்குள் தேர்வாணையத்தின் இரண்டாம் நிலைத் தமிழ் மொழித் தேர்வையும் தேற வேண்டும். அதையும் நினைவில் வையுங்கள்.

இதைவிட முக்கியமாக ஒன்று சொல்ல வேண்டும். எந்த அறிவிக்கையிலும் இது இருக்காது. எல்லாச் சான்றிதழையும் மேசைமேல் வரிசையாக வைத்து, உங்கள் பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

என் அப்பா தங்கவயலில் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அங்கே தமிழ் வழியில் படித்து, பெங்களூர்ப் பல்கலைக்கழகத்தில் பட்டமும் பி.எட்.டும் வாங்கினேன். எஸ்.எஸ்.எல்.சி.யில் என் பெயருக்கு முன்னால் ஓர் இனிஷியல். பட்டச் சான்றில் அப்பா பெயர் முழுசாக, அதுவும் என் பெயருக்குப் பின்னால். இரண்டும் ஒருத்திதான் என்று எனக்குத் தெரியும், என் அம்மாவுக்குத் தெரியும். சேலத்தில் ஓர் அலுவலகத்தில் மேசைக்குப் பின்னால் இருந்தவருக்குத் தெரியவில்லை. "இது நீங்கதான்னு நான் எப்படிம்மா நம்பறது?" என்றார். மூன்று முறை கோப்பு திரும்பி வந்தது. ஒரு முறை பிரமாணப் பத்திரம் கேட்டார்கள். கொண்டுபோனால், இது கர்நாடகத்து நோட்டரி, இங்கே போட்டு வாங்கி வா என்றார்கள். மூத்தவள் அப்போது வயிற்றில் ஏழு மாதம். பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கி, வெயிலில் அந்த மஞ்சள் பையை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு நடப்பேன். 14 மாதம் ஆனது. அந்தக் காலத்தில் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் எந்த நாளில் பதிந்தோமோ அந்த நாளிலிருந்துதான் மூப்பு. 14 மாதம் பிந்திப் பதிந்ததால் என்னோடு படித்து முடித்த சேலத்துப் பெண்களுக்குப் பின்னால் நின்றேன். 1996ல்தான் அரசு வேலை கிடைத்தது. அதுவரை தனியார் பள்ளி, டியூஷன், கொஞ்ச காலம் வீட்டில் தையல். அந்த வருடங்களை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு கனக்கிறது.

கடைசியில் என் கோப்பை நகர்த்தியது எஸ்.எஸ்.எல்.சி. மார்க் ஷீட்டில் முதல் மொழி தமிழ் என்று இருந்த ஒரு வரியும், தாசில்தார் கொடுத்த 'இருவரும் ஒருவரே' என்ற சான்றும்தான். ஆகவே உங்கள் பெயரில் ஒரு புள்ளி மாறியிருந்தாலும் இன்றைக்கே சரிசெய்யத் தொடங்குங்கள். ஆறு வருட அனுபவச் சான்றை அந்தப் பள்ளித் தலைமை ஆசிரியரிடம் வாங்கி, கல்வி மாவட்ட அலுவலரின் மேலொப்பமும் பெற்றுவிடுங்கள். பாலக்காட்டில் உங்களை முகம் தெரிந்தவர்கள் பணியில் இருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும். சேலம் தனியார் பள்ளியில் சம்பளம் பேசும்போது "வெளி மாநில டெட்தானே" என்று குறைப்பார்கள். அந்தத் தாளை எடுத்து வைத்துவிட்டு, ஆறு வருட அனுபவத்துக்கான சம்பளத்தைக் கேளுங்கள். கணக்கு எடுக்க ஆள் கிடைக்காமல் அவர்களும் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

கேள்வி: என் மகள் ஆந்திராவில் அரசுப் பள்ளி ஆசிரியை. மாப்பிள்ளைக்குச் சேலம். அவளுக்குச் சேலம் மாவட்டத்துக்கு இடமாறுதல் வாங்க முடியுமா?
— ஒரு தகப்பனார், ஆத்தூர்

முடியாது ஐயா. அரசுப் பள்ளி ஆசிரியர் அந்த மாநில அரசின் ஊழியர், கலந்தாய்வு இடமாறுதல் அந்த மாநிலத்துக்குள்தான். கேந்திரிய வித்யாலயா போன்ற மத்திய அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்தால் மாநிலம் விட்டு மாநிலம் மாற்றல் கேட்கலாம். உங்கள் மகள் இங்கே வர வேண்டுமானால் டி.ஆர்.பி. தேர்வு எழுதிப் புதிதாகத்தான் சேர வேண்டும். பொதுப் பிரிவினருக்கு வயது உச்சவரம்பு 53 என்பதால் காலம் இருக்கிறது. துறையிடம் தடையின்மைச் சான்று வாங்கிக்கொண்டு விண்ணப்பிக்கட்டும். இங்கே ஆணை கைக்கு வரும்வரை அங்கே ராஜினாமா எழுதிக் கொடுக்க வேண்டாம். சம்பந்தி வீட்டில் அவசரப்படுத்தினாலும் இதில் நீங்கள் உறுதியாக நில்லுங்கள்.

இன்னொன்று. உங்கள் மகள் டெட் எழுதாமல் பழைய நியமனத்தில் வந்தவரா என்று கேளுங்கள். 2025 செப்டம்பர் 1ல் உச்ச நீதிமன்றம், ஓய்வுக்கு ஐந்து வருடத்துக்கு மேல் இருக்கும் பணியிலுள்ள ஆசிரியர்களும் இரண்டு வருடத்துக்குள் டெட் தேற வேண்டும் என்று தீர்ப்பளித்தது. எப்படியும் எழுதத்தான் வேண்டுமென்றால் தமிழ்நாடு டெட்டையும் சேர்த்து எழுதிவிடலாம்.

கேள்வி: என் பெண் டெக்சாஸில் ஆசிரியர் சான்றிதழ் வாங்கி, மூன்று வருடமாக அறிவியல் எடுக்கிறாள். மாப்பிள்ளைக்குக் கலிபோர்னியாவில் வேலை மாறுகிறது. ஒரே நாடுதானே, அப்படியே போய்ச் சேரலாம் அல்லவா? அவள் அழுதுகொண்டே போன் செய்கிறாள், எனக்கு ஒன்றும் புரியவில்லை.
— ஒரு தாய், செவ்வாய்ப்பேட்டை

ஒரே நாடுதான், ஆனால் ஆசிரியர் உரிமம் அங்கேயும் மாநிலத்துக்கு மாநிலம் தனி. என் தம்பி மகள் அங்கே பள்ளியில் வேலை செய்கிறாள், அவள் மாநிலம் மாறியபோது பட்ட பாட்டைக் கூடவே பார்த்தேன்.

மாநிலங்களுக்கிடையே நாஸ்டெக் என்கிற அமைப்பு வழியாக ஓர் ஒப்பந்தம் பல காலமாக இருக்கிறது. அதன் பெயரைக் கேட்டு, சான்றிதழ் தானாக மாறிவிடும் என்று நினைக்கிறார்கள். அது "உங்கள் ஊர்ப் பயிற்சியை நாங்கள் பார்வையிடுகிறோம்" என்கிற அளவுக்குத்தான். புது மாநிலம் தனக்கு வேண்டிய தேர்வையோ பாடத்தையோ கூடுதலாகக் கேட்கலாம். அதனால் 2023ல் பத்து மாநிலங்கள் சேர்ந்ததும், ஒருவர் உரிமத்தை மற்றவர் ஏற்கும் இன்னோர் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. கொலராடோ, யூட்டா, கென்டக்கி எல்லாம் அதில் இருக்கின்றன. அதற்குப் பின்னால் இருந்து தள்ளியது அவர்களுடைய பாதுகாப்புத் துறை. ராணுவக்காரர்களின் மனைவிமார் நிறையப் பேர் ஆசிரியைகள், ஒவ்வொரு மாற்றலுக்கும் உரிமத்தை இழந்துகொண்டிருந்தார்கள். சூரமங்கலத்து ரயில்வே வீட்டுப் பெண் எழுதிய அதே கதைதான். ஆனால் டெக்சாஸும் கலிபோர்னியாவும் அந்த உடன்படிக்கையில் சேரவில்லை. ஆகவே உங்கள் பெண் பழைய வழியிலேயே, கலிபோர்னியாவின் ஆசிரியர் தகுதிச் சான்று ஆணையத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

டெக்சாஸின் நிலையான சான்றிதழுக்கு ஐந்து வருட ஆயுள். அது முடிவதற்குள் விண்ணப்பம் போய்விட வேண்டும், காலாவதியான உரிமத்தை வைத்துக்கொண்டு பேசுவது கடினம். புதுப்பிக்க 150 மணி நேரப் பயிற்சிக் கணக்கு வேண்டும். அந்தப் பதிவுகளைப் பள்ளியை விட்டு வருவதற்கு முன்பே கையெழுத்தோடு வாங்கி வரட்டும். இங்கே படித்த பட்டத்துக்கு மதிப்பீட்டு அறிக்கை ஏற்கெனவே வாங்கியிருப்பாள், அதை அங்கீகரிக்கப்பட்ட நிறுவனம் கொடுத்ததாகக் கலிபோர்னியா ஏற்கிறதா என்று பார்க்க வேண்டும். வீட்டில் ஆங்கிலம் பேசாத பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் தகுதியைக் கலிபோர்னியா தனியாகக் கேட்கும், பலருக்கும் குறைவது அதுதான். விரல் ரேகையை மறுபடி எடுப்பார்கள், அதற்குப் பதற வேண்டாம். கணவரின் விசாவைச் சார்ந்து போயிருந்தால் வேலை அனுமதிச் சீட்டின் தேதியையும் பார்க்கச் சொல்லுங்கள், ஆசிரியர் உரிமமும் வேலை அனுமதியும் வேறு வேறு.

அழுகிற பெண்ணிடம் இதையெல்லாம் ஒரே நாளில் சொல்லாதீர்கள். முதலில் சான்றிதழின் கடைசித் தேதியை மட்டும் கேளுங்கள்.

கேள்வி: டீச்சர், நான் ஏற்காட்டில் நாகலூர் பக்கத்துப் பெண், 24 வயது. மலையாளி என்கிற பழங்குடி இனம். பள்ளிப் படிப்பு மலையில் தமிழ் வழியில். பட்டமும் பி.எட்.டும் பெங்களூரில் ஆங்கில வழியில். கர்நாடக டெட் தேறி அங்கேயே தனியார் பள்ளியில் இருக்கிறேன். எங்கள் மலைப் பள்ளிக்கே ஆசிரியையாக வர ஆசை, அதுவும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு. என் கர்நாடக டெட், சாதிச் சான்று எல்லாம் அங்கே செல்லுமா?

கண்ணு, உன்னை நீ என்றே எழுதுகிறேன். எனக்கு முதல் அரசு வேலை உன் மலையில்தான். எட்டு வருடம் அந்த 20 கொண்டை ஊசி வளைவிலும் தினம் ஏறி இறங்கியிருக்கிறேன்.

கர்நாடக டெட் இங்கே உதவாது, காரணம் மேலே சூரமங்கலத்து அம்மாவுக்கு எழுதியதுதான். தமிழ்நாடு டெட் இரண்டாம் தாள் எழுது. முதல் தாள் உனக்கு இல்லை. ஒன்றிலிருந்து ஐந்து வரை எடுக்க பி.எட். தகுதியாகாது என்று 2023 ஆகஸ்ட் 11ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லிவிட்டது. அதற்கு டி.எல்.எட். என்கிற ஆசிரியர் பட்டயப் படிப்பு வேண்டும். ஒன்றாம் வகுப்பு ஆசை உனக்குப் பெரிது என்றால் இரண்டு வருடம் அதைப் படிக்கலாம். நான் சொல்வது, நடுநிலைப் பள்ளிக்குப் போ. ஆறாம் வகுப்புக்கு வரும்போதுதான் மலைப் பிள்ளைகள் நிற்க ஆரம்பிக்கிறார்கள், அங்கே ஆள் வேண்டும்.

சாதிச் சான்றில் உனக்கு நல்ல செய்தி. தமிழ்நாட்டுப் பழங்குடிப் பட்டியலில் மலையாளி என்ற பெயருக்கு எதிரே மாவட்டங்களைக் குறித்திருக்கிறார்கள், சேலம் அதில் இருக்கிறது. பெங்களூரில் எத்தனை வருடம் இருந்தாலும் நீ இங்கே பழங்குடிதான். அங்கே அந்தச் சான்று உனக்கு எதுவும் செய்திருக்காது, இங்கே செய்யும். டெட் மதிப்பெண்ணில் தளர்வும் உண்டு. சான்று கொடுப்பவர் வருவாய்க் கோட்டாட்சியர். கையில் இருப்பது சிறு வயதில் வாங்கிய பழைய அட்டை என்றால், பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது இணையவழிச் சான்றுக்குப் போட்டுவிடு. விசாரணைக்கு நாளாகும்.

ஒன்றை இழந்திருக்கிறாய், சொல்லாமல் விடக் கூடாது. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. 2020ல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, ஒன்றாம் வகுப்பிலிருந்து அந்த வேலைக்குரிய படிப்பு வரைக்கும் தமிழ் வழியாக இருக்க வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். உன் பட்டமும் பி.எட்.டும் ஆங்கில வழி, ஆகவே அது உனக்கு வராது. விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தில் 'ஆம்' என்று குறித்துவிடாதே. தெரியாமல் குறித்தவர்களைச் சரிபார்ப்பில் நிறுத்தியிருக்கிறார்கள். உன் தம்பி தங்கைகள், சித்தி பிள்ளைகள் யாராவது இப்போது கல்லூரிக்குப் போகிறார்களா? அவர்களிடம் இதைச் சொல். மலையில் யாரும் இதையெல்லாம் வந்து சொல்வதில்லை.

டி.ஆர்.பி. அறிவிப்பு எப்போது வரும் என்று காத்துக்கொண்டே பெங்களூரில் இருக்காதே. டெட் தேறிவிட்டால், காலியிடம் இருக்கும் பள்ளிகளில் மேலாண்மைக் குழு வழியாகத் தொகுப்பூதியத்தில் தற்காலிக ஆசிரியர் எடுக்கும்போது கேட்கலாம். சம்பளம் குறைவுதான், பெங்களூர்ச் சம்பளத்தோடு ஒப்பிட்டால் மனசு சுருங்கும். வீட்டில் பேசி, தாக்குப்பிடிக்க முடியுமென்றால் மட்டும் வா.

நான் வேலை பார்த்த பள்ளியில் டிசம்பர், ஜனவரியில் காப்பி பழுக்கும்போது வகுப்பு பாதியாகிவிடும். அம்மாவோடு பழம் பறிக்கப் போய்விடுவார்கள். சாயங்காலம் எஸ்டேட் லைன் வீடுகளுக்குப் போய்ப் பாடம் சொல்லித் தரலாம் என்று நானே ஒரு வருடம் தலைமை ஆசிரியரிடம் கேட்டேன், அவரும் சரி என்றார். ஒரு வாரம் போனேன். அதற்கு மேல் முடியவில்லை. வீட்டில் இரண்டு சின்னக் குழந்தைகள், கடைசி பஸ்ஸை விட்டால் மலையிலேயே தங்க வேண்டும். ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, கூடையைத் தலையிலிருந்து இறக்கிவிட்டுக் கேட்டாள்: "டீச்சர், பஸ்ஸுக்கு நேரமாச்சா?" நான் கைக்கடிகாரத்தைப் பார்த்ததை அவள் பார்த்துவிட்டாள்.

உனக்கு அந்த பஸ் பிடிக்க வேண்டியதில்லை. டெட் விண்ணப்பம் போட்டதும் எனக்கு ஒரு வரி எழுது. என்னிடம் இருக்கிற ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் புத்தகங்களையும் பழைய வினாத்தாள் கட்டையும் ஏற்காட்டுக்குப் போகிற யாரிடமாவது கொடுத்து அனுப்புகிறேன்.